தராசும் மனிதனும்

கொடுப்பாரும் கொள்வாரும் இன்றி உலகியல் நடைபெறுவதில்லை. நெல் மிகுந்தவன் நெல்லைக் கொடுத்து உப்பைப் பெற்றான். உப்பு மிகுந்தவன் உப்பைக் கொடுத்து நெல்லைப் பெற்றான். இருவருள் மிகுதியாகப் பயன் அடைந்தவர் யார் என்று வினவினால் விடை கூறுதல் அரிதன்று. இருவரும் தத்தம் தேவை நிறைவேறப் பெற்றனர். ஆதலின் இருவருமே பயன் அடைந்தவராவர். பண்டமாற்றில் இரு வேறு பொருள்களை ஒப்பிடுவதற்குப் பொது அளவாய் நிற்பது மாந்தரின் தேவையே என்று கிரேக்க மெய்யறிஞர் அரிஸ்டாட்டில் தம் அறநூலில் விளக்கியுள்ளார்.

ஆனால், தராசின் இரு தட்டுகளிலும் மனிதரே ஏற்றப்பட்டால் பயனை எவ்வாறு அளப்பது? இது வெறுங் கற்பனை வினா அன்று. அமெரிக்காவிலும் கனடாவிலும் தொழில்முறை விளையாட்டுக் குழுக்கள் தம் ஆட்டக்காரர்களைத் தமக்குள் மாற்றிக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அத்தகைய மாற்றம் நிகழும்போதெல்லாம், "ஆதாயம் எந்தக் குழுவுக்கு?" என்னும் வினா நாளிதழ்களிலும் காப்பிக் கடைகளிலும் எழுகின்றது. பொழுதுபோக்கான வினா போல இது தோன்றலாம். எனினும், ஒரு செயல் நல்லதா தீயதா என்று தீர்ப்புக் கூறும் ஒவ்வொருவரும் சந்திக்க வேண்டிய இடர்ப்பாடுகள் அனைத்தும் இவ்வொரு வினாவுக்குள் அடங்கியுள்ளன.

ஹாக்கி என்றவுடன் பசும்புல் திடலும் வெண்பந்தும் நினைவுக்கு வரும். கனடா மக்கள் உயிரென மதிக்கும் ஹாக்கியோ வேறு. உறைந்த பனித்தளத்தின்மேல், சறுக்குக் காலணி அணிந்து, பந்துக்குப் பதிலாகக் கறுப்பு ரப்பர் வட்டு ஒன்றைக் கோலால் செலுத்தி ஆடும் ஆட்டம் அது. தேசிய ஹாக்கி லீக் என்னும் அமைப்பில் இரு நாட்டுக் குழுக்களும் போட்டியிடுகின்றன. அவற்றின் இறுதி இலக்கு ஸ்டேன்லி கிண்ணம். ஆட்டக்காரர் ஒப்பந்தத்தால் ஒரு குழுவுக்குக் கட்டுப்பட்டவர். அவ்வொப்பந்தத்தைக் குழு மற்றொரு குழுவுக்கு மாற்றிக் கொடுக்கலாம். இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் ஆண்டுதோறும் வரிசை முறையில் குழுக்களுக்குக் கிடைக்கின்றது. அவ்வுரிமையையும் மாற்றுப் பொருளாக வைக்கலாம். இன்று ஆடுபவன் மட்டுமன்றி, நாளை யார் என்றே தெரியாத ஓர் இளைஞனும் தட்டில் ஏற்றப்படுகிறான் என்பது இங்கே கருதத் தக்கது.

ஒரு மாற்றமும் பல தீர்ப்புகளும்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத் தலைநகரான எட்மண்டனில் ஆயிலர்ஸ் என்னும் குழு உள்ளது. 1984, 1985, 1987, 1988 ஆகிய நான்கு ஆண்டுகளில் அக்குழு ஸ்டேன்லி கிண்ணத்தை வென்றது. அதன் தலைவர் வெயின் கிரெட்ஸ்கி. அவ்வாட்டத்தில் அவருக்கு நிகரானவர் அந்நாளில் எவரும் இலர். 1988ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 9ஆம் நாள், நான்காவது கிண்ணத்தின் மகிழ்ச்சி மறையும் முன்பே, குழுவின் உரிமையாளர் பீட்டர் பாக்லிங்டன் அவரை லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் குழுவுக்கு மாற்றிக் கொடுத்தார். கிரெட்ஸ்கியுடன் மார்ட்டி மெக்சோர்லி, மைக் குருஷெல்னிஸ்கி ஆகிய இருவரும் சென்றனர். மாற்றாக எட்மண்டன் பெற்றவை: ஜிம்மி கார்சன் என்னும் 20 வயது ஆட்டக்காரர்; மார்ட்டின் ஜெலினா என்னும் இளைஞர்; 1989, 1991, 1993 ஆகிய ஆண்டுகளுக்குரிய முதற்சுற்றுத் தேர்வுரிமைகள்; இவற்றோடு ஒன்றரைக் கோடி அமெரிக்க டாலர்.

செய்தியாளர் கூட்டத்தில் கிரெட்ஸ்கி பேச இயலாமல் கண்ணீர் சிந்தினார். இம்மாற்றத்தை அரசாங்கமே தடுக்க வேண்டும் என்று கனடா நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் கோரினார். அன்றைய நாளில் தீர்ப்புக் கூறியவர்கள் பெரும்பாலோர், எட்மண்டன் இழந்தது, லாஸ் ஏஞ்சலிஸ் பெற்றது என்றே கூறினர்.

அடுத்த ஆண்டு அத்தீர்ப்பு உறுதிப்பட்டது போலத் தோன்றியது. முந்தைய பருவத்தில் 68 புள்ளிகள் மட்டுமே எடுத்த லாஸ் ஏஞ்சலிஸ், 1988-89 பருவத்தில் 91 புள்ளிகளுக்கு உயர்ந்தது. 99 புள்ளிகள் எடுத்திருந்த எட்மண்டன் 84 புள்ளிகளுக்குத் தாழ்ந்தது. கிண்ணத்திற்கான முதற்சுற்றில் இவ்விரு குழுக்களுமே மோதின. மூன்று வெற்றி, ஒரு தோல்வி என முன்னணியில் நின்ற எட்மண்டன், அடுத்த மூன்று ஆட்டங்களையும் இழந்து வெளியேறியது.

ஆயினும், கதை அத்துடன் முடியவில்லை. கார்சன் எட்மண்டனில் முதற்பருவத்திலேயே 49 கோல்கள் அடித்தார். எனினும் ஒப்பற்ற ஒருவரின் இடத்தை நிரப்ப வந்தவர் என்னும் சுமை அவருக்கு உவப்பாக இல்லை. அவர் வெளியேற விரும்பினார். 1989ஆம் ஆண்டு நவம்பர் மாதம் எட்மண்டன் அவரை டெட்ராய்ட் குழுவுக்குக் கொடுத்து, பீட்டர் கிளிமா, ஜோ மர்ஃபி, ஆடம் கிரேவ்ஸ் முதலியோரைப் பெற்றது. 1990ஆம் ஆண்டு இறுதிப் போட்டியில் பாஸ்டன் குழுவுடன் ஆடிய முதல் ஆட்டம் மூன்றாவது கூடுதல் நேரம் வரை நீண்டது. வெற்றிக் கோலை அடித்தவர் அந்தக் கிளிமாவே. கிரெட்ஸ்கி இல்லாமலேயே, மார்க் மெசியரின் தலைமையில் எட்மண்டன் ஐந்தாவது முறையாகக் கிண்ணத்தை வென்றது. அப்போது, ஆதாயம் எட்மண்டனுக்கே என்று தீர்ப்பு மாறிற்று.

மீண்டும் மூன்றாண்டு கழிந்தது. 1993ஆம் ஆண்டு கிரெட்ஸ்கி லாஸ் ஏஞ்சலிசை இறுதிப் போட்டி வரை அழைத்துச் சென்றார்; மான்ட்ரியால் குழுவிடம் அது தோற்றது. எனினும் பனி பெய்யாத கலிபோர்னியாவில் அவ்வாட்டம் வேர் ஊன்றியது. 1991இல் சான் ஹோசே நகரிலும் 1993இல் அனஹைம் நகரிலும் புதிய குழுக்கள் தோன்றின. மறுபுறம், கிரெட்ஸ்கியைப் பெற்ற உரிமையாளர் புரூஸ் மெக்நால் பின்னர் மோசடிக் குற்றங்களை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். 1995இல் அக்குழு கடனில் மூழ்கி நொடித்தது. எட்மண்டனிலும் 1991இல் மெசியர் முதலிய பழைய வீரர் பலர் ஒருவர் பின் ஒருவராகப் பிரிந்தனர்.

ஒரே மாற்றம், ஆனால் அன்றைய நாளில் ஒரு தீர்ப்பு, ஓராண்டில் அதே தீர்ப்பு, ஈராண்டில் எதிர்த் தீர்ப்பு, ஏழாண்டில் தெளிவற்ற நிலை. எந்த நாளில் நின்று கணக்கை முடிப்பது?

தேர்வுரிமைகளைப் பின்தொடர்ந்து சென்றால் கணக்கு இன்னும் சிக்கலாகின்றது. 1989ஆம் ஆண்டு உரிமையை எட்மண்டன் வேறொரு குழுவுக்குக் கொடுத்துவிட்டது. 1993ஆம் ஆண்டு உரிமையால் பெற்ற ஆட்டக்காரர் லீக்கில் இரண்டு ஆட்டங்களே ஆடினார். 1991ஆம் ஆண்டு உரிமையால் பெற்ற மார்ட்டின் ருசின்ஸ்கியும் எட்மண்டனுக்காக இரண்டு ஆட்டங்களே ஆடி, 1992இல் கியூபெக் குழுவுக்கு மாற்றப்பட்டார். அவரே பின்னர், 1995 டிசம்பரில், பேட்ரிக் ருவா என்னும் புகழ்பெற்ற கோல் காவலரைப் பெறுவதற்காகக் கொடுக்கப்பட்ட மூவருள் ஒருவரானார். 1993இல் கிரெட்ஸ்கியின் குழுவைத் தோற்கடித்த மான்ட்ரியாலின் கோல் காவலர் அந்த ருவாவே! இத்தொடர்ச்சிக்கு முடிவு எங்கே?

முடிவும் விளைவும்

கணக்குப் பாடத்தில் தேர்வுத்தாள் திருத்தும் ஆசிரியர் இறுதி விடையை மட்டும் நோக்குவதில்லை. வழிமுறைக்கும் மதிப்பெண் அளிக்கிறார். வழிமுறை பிழையாயிருந்தும் தற்செயலாக விடை சரியாக அமைந்த மாணவனைத் திறமையாளன் என்று அவர் கருதுவதில்லை. வழிமுறை செம்மையாயிருந்தும் கடைசி வரியில் எண் மாறிப்போன மாணவனை அறிவிலி என்று தள்ளுவதுமில்லை.

வாழ்க்கையில் மட்டும் இம்முறை ஏனோ பின்பற்றப்படுவதில்லை. செயலின் விளைவைக் கண்டு செய்தவனின் அறிவையும் நெஞ்சையும் மதிப்பிடுவதே உலகத்தின் பழக்கமாக உள்ளது. மனிதனின் ஆற்றலுக்கு அப்பாற்பட்ட தற்செயல்கள் அவனைப் பற்றிய அறத்தீர்ப்பை மாற்றலாமா என்னும் வினாவை 1976ஆம் ஆண்டு பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் என்னும் இரு மெய்யியல் பேராசிரியர்கள் விரிவாக ஆராய்ந்தனர். அதுமுதல் அவ்வினா மெய்யியலாரிடையே ஓயாத வாதமாகத் தொடர்ந்து வருகின்றது.

இந்நோக்கில் 1988ஆம் ஆண்டு மாற்றத்தை ஆராய்தல் வேண்டும். கார்சன் ஓராண்டில் வெளியேற விரும்புவார் என்பதையோ, அவருக்கு மாற்றாக வரும் கிளிமா நள்ளிரவு தாண்டிய நேரத்தில் வெற்றிக் கோல் அடிப்பார் என்பதையோ அன்று எவரும் அறிந்திருக்க முடியாது. ஆகவே 1990ஆம் ஆண்டுக் கிண்ணத்தைக் காட்டி 1988ஆம் ஆண்டு முடிவு அறிவுடையது என்று வாதிடுதல் பொருந்தாது. தேர்வுரிமைகள் வீணானதைக் காட்டி அம்முடிவைப் பழித்தலும் அவ்வாறே பொருந்தாது. முடிவு செய்தவன் அந்நாளில் எதை அறிந்திருந்தான், எதை அறிந்திருக்கக் கூடும், எந்த நோக்கத்தோடு செய்தான் என்பவற்றையே வினவுதல் வேண்டும்.

அன்று அறியக் கூடியவை சிலவே. ஈடற்ற ஓர் ஆட்டக்காரர் போகிறார், திறமை மிக்க ஓர் இளைஞர் வருகிறார், பெருந்தொகை வருகிறது, நகர மக்களின் நெஞ்சம் புண்படும். இந்நான்கனுள் பணத்தின் எடையே உரிமையாளரின் தட்டைத் தாழ்த்தியது என்று மக்கள் கருதினர். அவர்கள் சினந்ததும் அதனாலேயே. கொடுத்ததும் பெற்றதும் ஆட்டத்தின் தேவையைக் கருதியே அமைந்திருந்தால், தவறினும் அத்தவறு பொறுக்கத் தக்கதாகத் தோன்றியிருக்கும்.

இதனால் விளைவுக்குப் பொறுப்பே இல்லை என்று முடிவு கட்டிவிடலாகாது. பிறர்பொருட்டு முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவன், "நான் நல்லதையே எண்ணினேன்" என்று கூறி விலகிக்கொள்ள முடியாது. விளைந்த இழப்பைச் சரிசெய்யும் கடமை அவனைச் சார்ந்ததே. விளைவுக்குக் கடன்பட்டவன் என்பது வேறு. விளைவினால் குற்றவாளி என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதே தவறான தீர்ப்புகள் பலவற்றுக்கு மூலமாகும்.

குழு என்பது யார்?

"எந்தக் குழுவுக்கு ஆதாயம்?" என்று வினவுவோர், குழு என்பது யாது என்னும் வினாவை எழுப்புவதில்லை. அது உரிமையாளரா? ஆட்டக்காரரா? பெயரும் சின்னமுமா? ஆண்டுதோறும் நுழைவுச் சீட்டு வாங்கி அரங்கை நிரப்பும் நகர மக்களா? இவ்வினாவின் கூர்மையை மற்றொரு மாற்றம் நன்கு புலப்படுத்தும்.

1991ஆம் ஆண்டு, கனடாவின் பிரெஞ்சு மொழி வழங்கும் கியூபெக் நகரின் நோர்டிக்ஸ் குழு, எரிக் லிண்ட்ரோஸ் என்னும் இளைஞரை முதல் உரிமையால் தேர்ந்தெடுத்தது. அவர் அக்குழுவுக்கு ஆட மறுத்தார். ஓராண்டு கழிந்தும் இணங்கவில்லை. 1992 ஜூன் மாதம் நோர்டிக்ஸ் அவரை மாற்ற முற்பட்டபோது, பிலடெல்பியா, நியூயார்க் ஆகிய இரு குழுக்களும் தமக்கே வாக்குத் தரப்பட்டதென உரிமை கோரின. நடுவர் ஒருவர் விசாரித்துப் பிலடெல்பியாவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார். நோர்டிக்ஸ் பெற்றதோ பெருங்குவியல்: பீட்டர் ஃபோர்ஸ்பெர்க், மைக் ரிச்சி உட்பட ஆறு ஆட்டக்காரர்கள், இரு முதற்சுற்று உரிமைகள், ஒன்றரைக் கோடி டாலர்.

புள்ளிகளை மட்டும் நோக்கினால் தீர்ப்பு எளிது. 1991-92 பருவத்தில் 52 புள்ளிகள் எடுத்த நோர்டிக்ஸ், அடுத்த பருவத்தில் 104 புள்ளிகள் எடுத்தது. லிண்ட்ரோஸ் 1995இல் லீக்கின் மிகச் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். 1997இல் பிலடெல்பியாவை இறுதிப் போட்டிக்கு அழைத்துச் சென்றார். ஆனால் கிண்ணம் கிட்டவில்லை. அந்தப் பெருங்குவியலைப் பெற்ற குழுவோ 1996இல் கிண்ணத்தை வென்றது. ருசின்ஸ்கியைக் கொடுத்து ருவாவைப் பெற்றதும் இக்குழுவே. ஆதாயம் கியூபெக்குக்கு என்று பலர் எழுதினர்.

ஆனால், 1996இல் கிண்ணம் வென்றபோது அக்குழு கியூபெக்கில் இல்லை! 1995இல் குழு விற்கப்பட்டு, அமெரிக்காவின் டென்வர் நகருக்குக் குடிபெயர்ந்து, கொலராடோ அவலாஞ்ச் என்னும் புதுப்பெயர் பூண்டது. தோல்வி மிகுந்த ஆண்டுகளில் பொறுத்திருந்த நகர மக்கள், அறுவடைக் காலத்தில் வெற்று அரங்கைக் கண்டனர். உழுதவர் ஓரிடம், உண்டவர் வேறிடம் என்னும் நிலை இது. குழுவுக்கு ஆதாயம் என்பது உண்மை. அக்குழுவைத் தம் குழு என்று எண்ணியவர்களுக்கு ஆதாயம் இல்லை என்பதும் உண்மை. யாருக்கு என்பதை வரையறுக்காத கணக்கு, பிழையற்ற எண்களைக் கொண்டிருந்தும் பொய்க் கணக்காகவே முடியும்.

தட்டில் இருப்பவன்

இனி, பெரிதும் மறக்கப்படும் ஒருவனைப் பற்றியும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவன் தராசைப் பிடித்திருப்பவனும் அல்லன், அருகில் நின்று எடை பார்ப்பவனும் அல்லன், தட்டிலேயே அமர்ந்திருப்பவன்.

விலை உடைய பொருளுக்கு மாற்றாக வேறொரு பொருளை வைக்கலாம். மனிதனுக்கோ விலை இல்லை, மாண்பே உண்டு என்று செருமானிய மெய்யறிஞர் கான்ட் 1785ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் வாதிட்டார். ஆட்டக்காரர் மாற்றம் இம்மாண்புக்கு இழுக்கன்றோ என்று கேட்கலாம். நடுவுநிலையோடு நோக்கினால், இது அடிமை வாணிகம் அன்று. ஆட்டக்காரர் தாமே விரும்பி ஒப்பந்தம் செய்கிறார்; பெரும் ஊதியம் பெறுகிறார்; தம் இசைவின்றி மாற்றலாகாது என்னும் விதியைச் சிலர் ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்கின்றனர். மாற்றப்படுவது மனிதன் அல்லன், அவனுடைய உழைப்பைப் பெறும் உரிமையே என்று வழக்கறிஞர் கூறுவர்.

அது சட்டத்தின் சொல். ஆனால், உழைப்பு இடம் மாறும்போது உழைப்பவனும் இடம் மாறியே ஆக வேண்டும். அவனுடைய மனைவி மக்கள், பழகிய தெரு, பிள்ளைகளின் பள்ளி ஆகிய எல்லாம் மாறுகின்றன. 20 வயதில் கார்சன் சுமந்த சுமை எந்தப் புள்ளிப் பட்டியலிலும் இல்லை. 49 கோல்கள் என்னும் எண், அவர் மகிழ்ந்தாரா வருந்தினாரா என்பதைக் கூறாது. லிண்ட்ரோஸ் மறுத்தபோது அவரைத் தன்னலக்காரர் என்று பழித்தனர். தான் எங்கே வாழ வேண்டும் என்பதைத் தானே தேர்ந்தெடுக்க விரும்பும் இளைஞனைப் பழிப்போர், தம் பிள்ளைகளுக்கு அவ்வுரிமை வேண்டுமென்று கோராதிருப்பரா? மறுபுறம், அவருடைய மறுப்பால் புண்பட்ட கியூபெக் மக்களின் வருத்தமும் பொய்யன்று. இரண்டையும் ஒருங்கே காண்பதே நடுவுநிலை.

1989ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் எட்மண்டன் அரங்கில் நிகழ்ந்தது இங்கே நினைக்கத் தக்கது. கார்டி ஹோவ் என்னும் பழம்பெரும் ஆட்டக்காரர் நிறுவிய 1,850 புள்ளிகள் என்னும் சாதனையைக் கிரெட்ஸ்கி நெருங்கியிருந்தார். அன்று அவர் அணிந்திருந்தது லாஸ் ஏஞ்சலிஸ் சீருடை. எதிர்த்து ஆடியது எட்மண்டனை. ஆட்டம் முடியும் தறுவாயில், எட்மண்டனின் வெற்றியைப் பறித்து ஆட்டத்தைச் சமமாக்கிய கோலாலேயே அவர் அச்சாதனையை முறியடித்தார். அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டி ஆர்த்தது. ஆட்டம் நிறுத்தப்பட்டுச் சிறப்புச் செய்யப்பட்டது. அதன்பின் கூடுதல் நேரத்தில் வெற்றிக் கோலையும் அடித்து எட்மண்டனைத் தோற்கடித்தவர் அவரே.

அந்தக் கைதட்டலை எந்தத் தட்டில் வைப்பது? ஒப்பந்தம் மாறிற்று, உழைப்பு மாறிற்று, பணம் கைம்மாறிற்று. அந்நகருக்கும் அம்மனிதருக்கும் இடையே பத்தாண்டுக் காலம் வளர்ந்த அன்பு மட்டும் எவருடைய உரிமையாகவும் மாறவில்லை. அதை விற்கவும் எவராலும் இயலவில்லை.

நிறைவாக

ஆட்டக்காரர் மாற்றத்தில் மிகுதியான ஆதாயம் யாருக்கு என்று கேட்பவன், விடை கூறுமுன் மூன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். யாருக்கு ஆதாயம்? எந்நாள் வரை கணக்கு? செய்தவனின் அறிவை எடை போடுகிறோமா, அல்லது விளைவை எடை போடுகிறோமா? இம்மூன்றும் தெளிந்தபின், 1988ஆம் ஆண்டு மாற்றத்தைக் குறித்து இவ்வளவு கூறலாம்: ஆட்டக்களத்தில் எட்மண்டன் அஞ்சியதைவிடக் குறைவாகவே இழந்தது, லாஸ் ஏஞ்சலிஸ் விரும்பிய கிண்ணத்தைப் பெறாவிடினும், அவ்வாட்டத்திற்கு ஒரு புதிய நிலத்தைப் பெற்றுத் தந்தது, விலை செலுத்தியவரோ, மேசையில் அமர்ந்து பேச இடமே பெறாத எட்மண்டன் மக்கள்.

திறமான ஆசிரியர் ஒருவர் ஒரு பள்ளியிலிருந்து மற்றொரு பள்ளிக்கு மாற்றலாகும்போதும் இவ்வாறே கணக்குப் பார்க்கப்படுகின்றது. இழந்த பள்ளி எது, பெற்ற பள்ளி எது என்று பேசுவோர் உளர். அடுத்த ஆண்டுத் தேர்வு முடிவுகளைக் கொண்டு அம்மாற்றத்தைப் பாராட்டுவோரும் பழிப்போரும் உளர். அவ்வாசிரியரின் குடும்பம் எவ்வாறு இருக்கிறது என்றும், அவரைப் பிரிந்த மாணவருள் எவன் மறுநாள் பள்ளிக்கு வர மனமின்றி இருந்தான் என்றும் வினவுவோர் சிலரே.

வள்ளுவப் பெருந்தகை நடுவுநிலைமைக்கெனத் தனி அதிகாரம் வகுத்து, அதில் துலாக்கோலையே சான்றோர்க்கு உவமையாக்கினார். துலாக்கோலின் பெருமை ஒரு பக்கம் சாயாமையில் உள்ளது. மனிதரை எடை போட நேரும் இடங்களில் அப்பெருமைக்கு இன்னொன்றும் வேண்டும்: தட்டில் இருப்பவனின் முகத்தை ஒருமுறையேனும் நோக்கும் கண். அக்கண் உடையவன் வழங்கும் தீர்ப்பு சற்றுத் தாமதமாக வரக்கூடும். ஆயினும் அதைப் பின்னர்த் திருத்தி எழுத வேண்டிய தேவை குறைவாகவே இருக்கும்.